கரும்பலகைக் கணக்கு – 11: ஒரு கேள்விக்கு 36 நொடி

போன வாரம் 2006 ஜூன் 1-இல் நிறுத்தியிருந்தோம். மாதம் 3,000, 4,000, 4,500 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துவந்த இடைநிலை, பட்டதாரி, முதுகலை ஆசிரியர்கள் அன்று முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்ட கசப்பு மெல்ல ஆறத் தொடங்கியிருந்தது.

புதிதாக வந்த தி.மு.க. அரசு இன்னொன்றையும் செய்தது. முந்தைய ஆட்சியில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திவந்த போட்டித் தேர்வை நிறுத்திவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படியே ஆசிரியர்களை எடுப்பது என்று முடிவெடுத்தது.

பல ஆண்டுகள் காத்துக் கிடந்தவர்கள் வீட்டில் அது பொங்கல் போலத்தான் இருந்தது. அதே முடிவு, ஆறே ஆண்டுகளில், தமிழ்நாடு அதுவரை பார்த்திராத ஒரு தேர்வு நாளுக்குக் கொண்டுபோய் விட்டது. இந்த வாரம் அந்த நாளின் கதை.

* * *

பதிவு மூப்பின் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னால் பதிந்தவருக்கு முன்னால் வேலை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தேதி தவறினால் மூப்பு போய்விடும். அதனால் அந்த அட்டையைப் பத்திரப் பதிவு ஆவணத்தோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டிவைத்த வீடுகள் உண்டு.

தமிழ்நாட்டில் அப்போது 57 வயது வரை ஆசிரியர் பணியில் சேரலாம். 58-இல் ஓய்வு. அதாவது, ஓய்வுக்கு ஓராண்டு முன்புகூட முதல் சம்பளம் வாங்க விதி இடம் கொடுத்தது. இந்த ஒரு விதி எத்தனை பேரை வரிசையிலேயே உட்காரவைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும்போதெல்லாம், அடுத்த பட்டியலில் பெயர் வந்துவிடும் என்ற எண்ணம் காலைப் பிடித்து இழுத்தது.

மூப்புதான் வேலை தரும் என்றால் சீக்கிரம் பதிய வேண்டும். சீக்கிரம் பதிய வேண்டும் என்றால் சீக்கிரம் சான்றிதழ் வேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சி. பட்டம் முடித்த கையோடு ஓராண்டு பி.எட். ஊர்ப்புறத்துப் பெண்களுக்கு இது பாதுகாப்பான படிப்பு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. நெடுஞ்சாலை ஓரங்களில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் கல்வியியல் கல்லூரிகளும் முளைத்தன. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் பெருகியது. பி.எட். கல்லூரிகளைக் கவனிக்க 2008-இல் தனிப் பல்கலைக்கழகமே தொடங்க வேண்டிவந்தது.

இங்கேதான் இந்தக் கதையின் மூல முடிச்சு இருக்கிறது. ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு அங்கீகாரம் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் தென்மண்டலக் குழு பெங்களூரில் இருந்தது. எத்தனை பணியிடம் என்று முடிவுசெய்வது சென்னையில் பள்ளிக் கல்வித் துறையும் நிதித் துறையும். குளத்துக்கு வரத்து வாய்க்கால் ஒருவர் கையில், மதகு இன்னொருவர் கையில். அடுத்த பத்தாண்டில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடைநிலை ஆசிரியர்கள், எத்தனை கணித ஆசிரியர்கள் தேவை என்று கணக்குப் போட்டு, அதற்கேற்பப் பயிற்சி இடங்களை அனுமதித்தவர் எவரும் இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை சுருங்கியது. சேர்ந்தவர்களிலும் பலர் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போனார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியின் தேவை குறையக் குறைய, அதற்காகப் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

* * *

இவ்வளவு பேர் காத்திருந்தும் வகுப்பறைகளில் ஆசிரியர் இல்லை என்ற புகார் ஏன் ஓயவில்லை? நியாயமான கேள்வி. பதில், காலிப் பணியிடம் உருவாகும் விதத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பள்ளியில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் அங்கே இருப்பவர் 'உபரி'. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். ஓய்வு வயதை இடையில் எட்டுபவர்களுக்குக் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு என்பதால், இடங்கள் மே மாதக் கடைசியில் மொத்தமாகக் காலியாகும். ஜூனில் பள்ளி திறந்துவிடும். நிரப்புவதற்கு நிதித் துறை ஒப்புதல், பட்டியல், சான்றிதழ் சரிபார்ப்பு என்று மாதங்கள் ஓடும். அதற்குள் யாராவது நீதிமன்றம் போயிருப்பார்கள்.

காலியிடமும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. தென்மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அதிகம், காலியிடம் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம், திருவண்ணாமலை போன்ற வடமாவட்டங்களில் நேர்மாறு. தெற்கிலிருந்து வேலை கிடைத்து வடக்கே வருபவர்கள் சில ஆண்டுகள் வாடகை வீட்டில் தனியே இருந்து பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு பொது மாறுதல் கலந்தாய்விலும் சொந்த மாவட்டத்துக்குப் போக முயல்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயதான பெற்றோரும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவர் போன இடம் மறுபடி காலி.

சித்தேரி மலையிலோ கல்வராயன் மலையிலோ அன்றைய ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியர் வட்டார வள மையத்தில் கூட்டம் என்று காலையிலேயே கீழே இறங்கிவிட்டால், மிச்சம் இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைப்பார். செயல்வழிக் கற்றல் அட்டைகளைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தருவார். நடுவில் சத்துணவுப் பதிவேட்டில் எண்ணிக்கை எழுத வேண்டும். பாடநூல், சீருடைக் கணக்கும் அவர் தலையில்தான். இந்த இருவரில் ஒருவர் மாறுதலில் போய்விட்டால், மாநில அளவில் அது ஒரே ஒரு காலியிடம். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாதி.

* * *

2010 ஏப்ரல் 1-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். 60 பேர் வரை உள்ள பள்ளியிலும் குறைந்தது இருவர். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். அதிலும் அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனியே குறைந்தது ஒருவர். எந்தப் பள்ளியிலும் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தேவையைச் சட்டமே எண்ணிச் சொன்னது.

அதே சட்டம் வரத்து வாசலிலும் ஒரு காவலை நிறுத்தியது. ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியை மத்திய அரசு அறிவிக்கும் கல்வி அமைப்பு நிர்ணயிக்கும் என்றது 23-ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் வந்தது. 2010 ஆகஸ்ட் 23 அன்று குழுமம் அறிவிக்கை வெளியிட்டது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த இனிப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது; ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும்.

ஏராளமான பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுத்த அதே குழுமம், அங்கே வாங்கிய சான்றிதழ் போதாது என்று அறிவித்தது. இந்தத் தொடரில் நாம் பார்த்த திருப்பங்களில் இதைத்தான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். நிறுவனங்களின் தரத்தை ஆராய்ந்து வடிகட்டியிருக்க வேண்டியவர்கள், அந்த வேலையைப் படித்து முடித்து வெளியே வந்த தனிமனிதர்களின் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

அதற்காகத் தேர்வே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பணம் கட்டினால் வருகைப் பதிவு, பணம் கட்டினால் கற்பித்தல் பயிற்சிப் பதிவேடு என்று நடந்த நிறுவனங்கள் இருந்தன. ஏழைக் குழந்தையின் முன்னால் நிற்கப்போகிறவருக்குப் பாடம் தெரியுமா என்று பார்ப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் மரியாதை.

அறிவிக்கைக்கு முன்பே பணியில் இருந்தவர்களுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை என்றுதான் அன்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையையே அசைத்தது. அதைப் பின்னால் ஒரு வாரம் விரிவாகப் பார்ப்போம்.

* * *

2011 மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பர் 15-இல் ஜெயலலிதா அரசு 181-ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. தமிழ்நாட்டில் தகுதித் தேர்வு நடக்கும். நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம்.

150 கேள்வி, 150 மதிப்பெண். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 90. ஐந்தாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்கு முதல் தாள், ஆறு முதல் எட்டு வரை நடத்துபவர்களுக்கு இரண்டாம் தாள். எல்லாம் தேசியக் குழுமத்தின் வழிகாட்டி நெறிப்படிதான். நேரம் ஒன்றரை மணி.

பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு மாநில அரசு விரும்பினால் தேர்ச்சி மதிப்பெண்ணில் சலுகை தரலாம் என்று அதே நெறிகளில் இடம் இருந்தது. 69 சதவீத இடஒதுக்கீட்டுக்காக அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை வரை போன தமிழ்நாடு, 2012-இல் அந்தச் சலுகையைத் தரவில்லை. அது தவறு என்று அன்றே குரல்கள் எழுந்தன. அந்தக் குரல்கள் சரி.

தேர்வு அறிவிப்பு வந்ததும் வரிசையில் இருந்தவர்கள் தவித்துப்போனார்கள். சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் முந்தைய ஆண்டில்தான், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பிள்ளைகள் கைக்கு வந்திருந்தன. தேர்வு எழுத வேண்டியவர்களோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பு படித்தவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை புத்தகங்களை இரவல் வாங்கினார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பயிற்சி மையத்துக்குப் போனவர்கள் உண்டு. தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திவிட்டு இரவில் உளவியல் படித்தவர்கள் உண்டு.

* * *

2012 ஜூலை 12, வியாழக்கிழமை.

காலையில் முதல் தாள், பிற்பகலில் இரண்டாம் தாள். இரண்டிலுமாக ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அண்ணன் எழுத, தங்கை எழுத, பள்ளி வாசலில் குழந்தையோடு கணவர் காத்திருக்க, மாநிலமெங்கும் ஒரே காட்சி.

ஒன்றரை மணி என்பது 90 நிமிடம். 150 கேள்விக்குப் பங்கிட்டால் ஒரு கேள்விக்கு 36 நொடி. அந்த 36 நொடிக்குள் கேள்வியைப் படிக்க வேண்டும், நான்கு விடையையும் படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், ஓ.எம்.ஆர். தாளில் சரியான வட்டத்தைத் தேடி நிரப்ப வேண்டும்.

தமிழ், ஆங்கிலப் பகுதிகளில் பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விக்கு அந்த நேரம் எப்படிப் போதும்? கணிதத்தில் ஒரு கூட்டுவட்டிக் கணக்கைத் தாளின் ஓரத்தில் போட்டு முடிக்கவே இரண்டு நிமிடம் போய்விடும். குழந்தை உளவியல் கேள்விகள் நினைவாற்றலைவிட யோசனையை அதிகம் கேட்பவை. கடைசிப் பத்து நிமிடத்தில் பலர் கேள்வியைப் படிக்காமலேயே வட்டங்களை நிரப்பினார்கள். குறைக்கும் மதிப்பெண் இல்லை அல்லவா.

வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் சொன்னது ஒன்றே: தெரிந்த கேள்விக்கும் நேரம் இல்லை.

* * *

ஆகஸ்டில் முடிவு வந்தது.

முதல் தாளில் தேர்ச்சி 1,735 பேர். இரண்டாம் தாளில் 713 பேர். மொத்தம் 2,448.

ஆயிரம் பேரில் நான்கு பேர்கூட இல்லை. இரண்டாம் தாளில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை.

தமிழ்நாடு அதிர்ந்தது. ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தேநீர்க் கடை வரை பேச்சு. பத்து ஆண்டுகளாகப் பதிவு அட்டையைப் புதுப்பித்துவந்தவர்கள் சொந்த வீட்டிலேயே தலைகுனிந்து நடந்தார்கள்.

அந்த எண்ணைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அது ஆசிரியர்களின் அறிவை மட்டும் அளந்த எண் அல்ல. அதில் கடிகாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. எப்படி நிரூபணமானது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம். பயிற்சி நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. அதே 2012 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் நாட்டின் ஆசிரியர் கல்வி பற்றிய தன் அறிக்கையைத் தந்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் மிகப் பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதையும், அவற்றில் பலவற்றின் தரக் குறைவையும் அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மத்திய தகுதித் தேர்விலும் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்த தோல்வி இல்லை இது.

* * *

அரசின் முன்னால் இப்போது ஒரு நெருக்கடி. பள்ளிகள் திறந்து மூன்றாவது மாதம் ஓடுகிறது. நிரப்ப வேண்டிய இடங்கள் பல்லாயிரம். தகுதி உள்ளவர்கள் 2,448.

மூன்று வழி இருந்தது. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கலாம். காலியிடங்களை அப்படியே விட்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம். அல்லது மறுபடி தேர்வு வைக்கலாம்.

அரசு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. தேறாதவர்களுக்கு மறுபடி கட்டணம் இல்லாமல் ஒரு துணைத் தேர்வு. மதிப்பெண்ணில் கைவைக்கவில்லை. நேரத்தில் கைவைத்தது. ஒன்றரை மணி மூன்று மணி ஆனது.

அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. அதே 150 கேள்வி முறை, அதே 90 மதிப்பெண். பெரும்பாலும் அதே மனிதர்கள். இடையில் மூன்று மாதம்.

தேறியவர்கள் 19 ஆயிரத்துக்கும் மேல்.

மூன்று மாதக் கூடுதல் படிப்பும் உதவியிருக்கும், மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எட்டு மடங்கு வளர்ச்சியைப் படிப்பு மட்டும் தந்துவிடாது. ஜூலையில் 'தகுதியற்றவர்' என்று பத்திரிகைகள் எழுதிய பல்லாயிரம் பேரைக் கடிகாரத்தின் முள்தான் தோற்கடித்திருந்தது. அவர்களிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

* * *

துணைத் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 5-இல், இன்னோர் அரசாணை வந்தது. எண் 252. தேர்வுப் பரபரப்பில் அது அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. கதையின் போக்கையே மாற்றியது அதுதான்.

தகுதித் தேர்வில் தேறியவர்களை இனி எப்படித் தேர்ந்தெடுப்பது? பதிவு மூப்பு இல்லை. தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூ, பட்டயம் அல்லது பட்டம், பி.எட். மதிப்பெண்களுக்கு 40 என்று 'வெயிட்டேஜ்' கணக்கு. அதையும் படிக்கட்டு முறையில் வைத்தார்கள். தகுதித் தேர்வில் 60 சதவீதத்திலிருந்து 70-க்குக் கீழே வரை எடுத்தவர்கள் எல்லோருக்கும் 42. 70 முதல் 48. 80 முதல் 54. 90-ம் அதற்கு மேலும் 60.

பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 90 மதிப்பெண் எடுத்தவருக்கும் 42; 104 எடுத்தவருக்கும் 42. 105 எடுத்தவருக்கு 48. பதினான்கு மதிப்பெண் வித்தியாசத்துக்கு ஒன்றும் இல்லை, ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு ஆறு.

இன்னொரு கொடுமையும் அதற்குள் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிளஸ் டூ எழுதியவருக்கு 65 சதவீதம் நல்ல மதிப்பெண். 2008-இல் எழுதியவர்களுக்கு 85 சாதாரணம். இருவரையும் ஒரே படிக்கட்டில் நிற்கவைத்தது அந்த ஆணை. இருபது ஆண்டு காத்திருந்தவரின் பதிவு அட்டைக்கு மதிப்பு பூஜ்யம் ஆனது. இருபது ஆண்டுக்கு முந்தைய மதிப்பெண் பட்டியல் அவருக்கு எதிராகவே பேசியது.

ஆனால் 2012-இல் அது யாரையும் உறுத்தவில்லை. காரணம் எளிது. தேறியவர்களைவிடக் காலியிடம் அதிகம். தேறினால் வேலை, அவ்வளவுதான். டிசம்பர் 13 அன்று சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் முதுகலை ஆசிரியர்களையும் சேர்த்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணி நியமனம் வழங்கும் விழா நடந்தது. வடமாவட்டப் பள்ளிகள் பலவற்றில் அந்த ஆண்டு இரண்டாம் பருவம் முடியும் வேளையில் புது ஆசிரியர் வந்து சேர்ந்தார்.

அதற்குள் பயிற்சி மையங்கள் ஊருக்கு ஊர் திறந்துவிட்டன. அடுத்த தேர்வு 2013 ஆகஸ்ட் 17, 18 என்று வந்தது. இந்த முறை நேரம் மூன்று மணி. எழுதுபவர்கள் முழுத் தயாரிப்போடு வந்தார்கள். காலியிடங்களில் பெரும்பகுதியோ டிசம்பரிலேயே நிரம்பியிருந்தது.

தேறினால் வேலை என்று நம்பி அந்த ஆகஸ்டில் தேர்வறைக்குள் போனவர்களிடம், தேறியவர்களின் எண்ணிக்கை காலியிடங்களைத் தாண்டப்போகிறது என்பதை அரசு ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? கையில் தேர்ச்சிச் சான்றிதழோடு அவர்கள் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது?

(அடுத்த வாரம்)